முதல் செங்கல்

டிசம்பர் ஆறு காலையில் வடசென்னையில் வெளியே வந்து பார்த்தால் தெரியும். ராயபுரம், திருவொற்றியூர் ரயில் நிலையங்களில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மசூதிகளின் வாசலில் வேன் நிற்கும். அதே நேரத்தில் நாங்கள் ஒரு மாலையையும் நாலு நீலக்கொடியையும் எடுத்துக்கொண்டு அம்பேத்கர் சிலைக்கு நடப்போம். 1956இல் அண்ணல் இறந்த நாள் அது. 1992க்குப் பிறகு நாட்டுக்கு அது வேறொன்றின் நாள். ஒரு வருஷம் ஒரு அதிகாரி எங்களிடம் சொன்னார்: "பத்து மணிக்குள்ள மாலையைப் போட்டுட்டுக் கலைஞ்சிடுங்கப்பா. இன்னிக்கி நாளு சரியில்ல." எங்களுக்கு அது முப்பத்தாறு வருஷமாகத் துக்க நாளாக இருந்தது. அதைச் 'சரியில்லாத நாளாக' ஆக்கியவர்கள் நாங்கள் இல்லை.

தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா என்று தோழர்கள் கேட்பதுண்டு. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. எனக்கு உறுத்துவது அதற்கு மூன்று வருஷம் முந்திய இன்னொரு தேதி.

9.11.1989. அயோத்தியில் அடிக்கல் நாட்டு விழா. நாடெங்கும் ஊர் ஊராகப் பூஜை செய்து 'ராம்' என்று எழுதி அனுப்பிய செங்கற்கள் அங்கே மலை மாதிரி குவிந்திருந்தன. முதல் கல்லை வைக்கச் சாமியார்களைக் கூப்பிடவில்லை. பீகாரைச் சேர்ந்த காமேஷ்வர் சௌபால் என்கிற தலித்தைக் கூப்பிட்டார்கள். அவர் விசுவ இந்து பரிஷத்காரர். விழாவுக்கு வழிவிட்ட ராஜீவ் காந்தி அரசில் உள்துறை அமைச்சராக இருந்து பரிஷத்தோடு பேசியவர் பூட்டா சிங். அவரும் தாழ்த்தப்பட்டவர்தான். சீக்கியர்களில் மஜபி பிரிவு. 1984இல் ராணுவம் சிதைத்த அகால் தக்தை அரசே திரும்பக் கட்டியபோது அந்த வேலையை முன்நின்று நடத்தியவரும் அவரே. அதற்காகச் சீக்கிய மதத்தை விட்டு விலக்கப்பட்டார், அரசு கட்டியதைச் சீக்கியர்கள் இடித்துவிட்டுத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கோயில் கட்டுகிற சண்டையில் முன்னால் நிறுத்த ஒரு தலித் கை எப்போதும் தேவைப்படுகிறது.

எங்க நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டீக்கடையில் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "கல்லு வைக்க நம்மாளு. சரி. உள்ள பூசை பண்ண?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருபத்தொரு வயசு. பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் எல்லாம் வேகமாக நடந்தது. 7.8.1990இல் வி.பி. சிங் மண்டல் குழு அறிக்கையை அமல்படுத்துவதாக அறிவித்தார். அதே ஆண்டில்தான் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா, பௌத்தரான தலித்துகளுக்கு இட ஒதுக்கீடு. செப்டம்பர் 25இல் அத்வானி சோமநாதபுரத்திலிருந்து ரதம் ஏறினார். அக்டோபர் 23இல் சமஸ்திபூரில் லாலு அரசு அவரைக் கைது செய்தது. அரசு கவிழ்ந்தது. இதை நம் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டதால் இத்தோடு விடுகிறேன்.

தமிழ்நாட்டுத் தலைவர்கள் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் பார்ப்போம். பெரியார் மண் என்று சொல்லிக்கொண்டு நாம் மறந்துவிடுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. இடிப்புக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், 23.11.1992இல், தில்லியில் தேசிய ஒருமைப்பாட்டுக் குழு கூடியது. அங்கே கரசேவைக்கு ஆதரவாகப் பேசிய பா.ஜ.க. அல்லாத முதல்வர் ஜெயலலிதா. பின்னாளில் எங்கள் பக்கத்து ஆர்.கே. நகர் தொகுதியிலிருந்துதான் 2015இலும் 2016இலும் சட்டமன்றத்துக்குப் போனார், எங்கள் ஜனங்களே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். இடிப்பைக் கண்டித்த தி.மு.க. 1999இல் வாஜ்பாய் அரசில் பங்கேற்றது. 2001 சட்டமன்றத் தேர்தலில் அந்த அணியில் பா.ஜ.க.வோடு நம்முடைய விடுதலைச் சிறுத்தைகளும் புதிய தமிழகமும் இருந்தன. இதைச் சொன்னால் கோபப்படுகிற தோழர்கள் உண்டு. வரலாறு எழுத உட்கார்ந்தால் நம்ம வீட்டுக் கணக்கையும் எழுத வேண்டியிருக்கிறது.

கோயிலைப் பற்றித் தலித் தலைவர்கள் பொதுமேடையில் பேசியதற்கு அயோத்தியை விடப் பழைய கதை சென்னையிலேயே இருக்கிறது. 1892இல் பார்க் டவுன் விக்டோரியா ஹாலில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்திருந்த அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு சாஸ்திரி பதில் சொன்னார்: உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி, கறுப்பண்ணன் எல்லாம் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் இல்லை. சபை சிரித்திருக்கலாம். பண்டிதர் வாதாடவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் எங்கள் ஜனங்களுக்குத் தரிசு நிலமும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள் என்றார். ஆறு வருஷம் கழித்து, 1898இல், கொழும்பு போய்ப் பௌத்தரானார், ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார்.

அம்பேத்கர் நடந்த வழியும் இதுதான், கொஞ்சம் சுற்றுவழி. 1930 மார்ச்சில் நாசிக்கில் காலாராம் கோயில் சத்தியாகிரகம் தொடங்கினார். அதுவும் ராமர் கோயில்தான். ஆண்டுக்கணக்கில் அடிபட்டும் கதவு திறக்கவில்லை. 1933 பிப்ரவரியில் ஆலயப் பிரவேச மசோதாவை ஆதரிக்கும்படி காந்தி கேட்டபோது அண்ணல் மறுத்து அறிக்கை விட்டார். எம்.சி. ராஜா ஆதரித்தார். நம்மவர்களுக்குள்ளேயே அன்று இரண்டு கருத்து இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 25.12.1954இல் புனே பக்கத்தில் தேஹு ரோடில், அங்கிருந்த ஜனங்கள் எழுப்பிய சின்ன விகாரில், ரங்கூனிலிருந்து வந்த புத்தர் சிலையைத் தன் கையால் வைத்தார். பண்டரிபுரத்து விட்டோபா உண்மையில் புத்தரே என்று அந்தக் கூட்டத்தில்தான் பேசினார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2017 டிசம்பருக்கு வருவோம். பாபர் மசூதி இடிப்பை ஒட்டிச் சென்னையில் நடந்த கூட்டத்தில் தொல். திருமாவளவன் பேசினார். கோயில் இருந்த இடம் என்று சொல்லி மசூதியை இடிப்பது நியாயமென்றால், பௌத்த விகாரைகள் இருந்த இடத்தில் நிற்கும் திருப்பதியையும் ஸ்ரீரங்கத்தையும் என்ன செய்வது என்பது அவர் வாதத்தின் சாரம். பா.ஜ.க.வும் இந்து அமைப்புகளும் கொதித்தெழுந்தன. போலீசில் புகார்கள் போயின. இடிக்கச் சொல்லவில்லை, அவர்கள் வாதத்தை நீட்டிக் காட்டினேன் என்று அவர் விளக்கினார். எங்கள் படிப்பகத்திலும் அன்று ராத்திரி சண்டை. இளைஞர்களுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணன் இன்னா கரெக்டா கேட்டுட்டாரு பாத்தியா!" நான் மட்டும் கொஞ்சம் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னதில் வரலாறு இல்லாமல் இல்லை. பண்டிதரின் 'இந்திரர் தேச சரித்திரம்' இதைத்தான் பேசுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் எழுதிய 'பௌத்தமும் தமிழும்' நூலில் காஞ்சி காமாட்சி கோயிலையே பௌத்தத் தாராதேவி கோயிலாகக் காட்டுகிறார். திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் களவாடி ஸ்ரீரங்கத்துக்கு மதில் எழுப்பினார் என்று சொல்வது நாமல்ல, வைணவர்களின் குருபரம்பரைக் கதை. சேலம் தலைவெட்டி முனியப்பன் வழக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது புத்தர் என்று சேலத்துப் புத்தர் அறக்கட்டளை 2011இல் கோர்ட்டுக்குப் போனது. தொல்லியல் துறை ஆய்வு செய்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளவும் பூஜை நடத்தாமல் இருக்கவும் உத்தரவிட்டது. கடப்பாரை இல்லாமல் நடந்த காரியம்.

ஆனால் எல்லாக் கோயிலுக்கும் இப்படி ஆதாரம் இருப்பதாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலவர் ஆதிபுரீசுவரர் விமானம் பின்பக்கம் வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் கட்டியது. பௌத்தச் சைத்தியங்களும் இதே வடிவம். சின்ன வயசில் ஒரு பெரியவர் என்னை அங்கே நிறுத்தி, "இது புத்தர் கோயிலுடா தம்பி, முதுகப் பாரு" என்றார். ரொம்ப நாள் நம்பினேன், மேடையிலும் பேசினேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, அந்த வடிவம் பல சமயத்துக்கும் பொதுவாக இருந்த பழைய கட்டட முறை. வளைவை மட்டும் வைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது.

நாகப்பட்டினத்தில் இன்னொரு விதமான சங்கடம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. பௌத்தக் கட்டடமாகக் கருதப்பட்ட ஒரு பழைய கோபுரம் 1867 வரை அங்கே நின்றது. அதை இடிக்க ஆங்கில அரசிடம் அனுமதி வாங்கியவர்கள் ஐயரும் இல்லை, ஐயங்காரும் இல்லை. கல்லூரி கட்ட வந்த ஏசு சபைப் பாதிரிமார்கள். அங்கே தோண்டக் கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பலவற்றை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். இடித்தவர் யார் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால் அது நமக்கு வசதியான இடத்தில் நிற்பதில்லை. கணக்கெடுத்து இடிப்பது அவர்களுடைய ஆட்டம், அதன் விதிகளும் அவர்களுடையவை. அன்று ராத்திரி என் சுரத்தின்மைக்குக் காரணம் இதுதான்.

9.11.2019இல் தீர்ப்பு வந்தது. முதல் கல் வைத்த அதே தேதி, முப்பது வருஷம் கழித்து. சௌபால் 2020இல் அறக்கட்டளை உறுப்பினர்களில் ஒருவரானார், 2025 பிப்ரவரியில் இறந்தார். 22.1.2024இல் குடமுழுக்கு. அதற்குச் சில நாள் முன்னால் உதயநிதி ஸ்டாலின், கோயில் வருவதில் எங்களுக்குப் பிரச்சினையில்லை, மசூதியை இடித்துவிட்டுக் கட்டுவதில் உடன்பாடில்லை என்றார். நேர்மையான பேச்சு. தமிழகக் கோயில்களில் ராமர் பூஜைக்குத் தடை என்று நிர்மலா சீதாராமன் குற்றம் சாட்டினார். எங்கள் பக்கத்துத் துறைமுகம் தொகுதிக்காரரான அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு மறுத்தார். டி.வி.யில் ரெண்டு நாள் இதே சத்தம்.

அந்த இரண்டு நாளும் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டிக் கிடந்தது. 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அந்த ஜனவரியில் தமிழ்நாட்டில் பூஜை நடக்காத ஒரு கோயில் உண்மையாகவே இருந்தது. அதைப் பற்றிப் பேச ஒரு மைக்கும் நீளவில்லை.

எங்கள் கரையில் கோயில் இடிவது பழகிய சங்கதி. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர, வடக்கே கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடுகள் போயின, அம்மன் இருந்த மேடைகள் போயின. ராயப்பர் பேரால் ஊருக்கே பேர் தந்த மாதா கோயிலைக் கட்டிய படகுக்காரர்களின் சந்ததிக்கும் அதே கதிதான். இதற்கு எந்தத் தலைவரும் ரதம் ஏறவில்லை.

நாங்களும் ஒன்று கட்டினோம். 1990களின் கடைசியில், படிப்பகத்தை ஒட்டிய இடத்தில் ஒரு விகார் எழுப்பலாமென்று முடிவு. திருவொற்றியூர் அப்போது நகராட்சி, 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. புதிதாக வழிபாட்டு இடம் கட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றார்கள். மனு கொடுத்தோம். அலைந்தோம். பக்கத்திலேயே பிள்ளையார் ஒருவர் யாரிடமும் கேட்காமல் பிளாட்பாரத்தில் எழுந்தருளி, ஓடு போட்டு, உண்டியலும் வைத்துக்கொண்டார். மூன்றாவது வருஷம் படிப்பகத்தின் உள்ளேயே தகரக் கூரைக்குக் கீழே புத்தரை வைத்துவிட்டோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இது கோயிலா, லைப்ரரியா?" என்று கேட்டார். அப்போதும் எங்க நைனாதான் பதில் சொன்னார்: "லைப்ரரிதான் சார். அவரு உக்காந்து படிக்கிறாரு."

நைனா இப்போது இல்லை. கூரையை மட்டும் மாற்றியிருக்கிறோம். சாயந்தரம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் புத்தர் மடியில்தான் பையை வைக்கிறார்கள். போன டிசம்பர் ஆறிலும் ஒன்பதரைக்கே மாலை போட்டுவிட்டு, வழியில் இரண்டு இடத்தில் பையைத் திறந்து காட்டிவிட்டு, இங்கே வந்துதான் உட்கார்ந்தோம்.