வேடம் தாங்கிய பிள்ளைகள்

நாடக மேடையில் ஆண்பிள்ளையொருவன் பெண்ணாகி நின்று பாடக் கேட்டு உருகியவர்கள் நம் பாட்டனார் காலத்துத் தமிழர். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தபோது, அரசனாகவும் அரசியாகவும் மேடையேறியவர்கள் சிறுவர்களே. ஆறே வயதில் அச்சபையிற் சேர்ந்த தி.க. சண்முகம், பிற்காலத்தில் 'ஔவையார்' நாடகத்தில் மூதாட்டியாகவே மாறி, 'ஔவை சண்முகம்' என்ற பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டார். சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் ஏற்ற முதல் வேடங்களுள் ஒன்று சீதை. மறுபுறம், கே.பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் பூண்டு மேடையை ஆண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்திலும் நந்தனாராக நடித்தவர் அவரே.

அக்காலக் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்றொரு சொல் வழங்கியது. சிறுவனுக்குக் குரல் உடையும் பருவத்தை அது குறிக்கும். ஸ்திரீபார்ட் பாடிவந்த பிள்ளைக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் புடவையும் நகையும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். வேடம் கலைந்தால் பையன் பையனே என்பது அனைவரும் அறிந்த கணக்கு. வேடத்தைக் கலைக்க மனமில்லாத பிள்ளையும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இக்கலை, பிழைப்புத் தேடிப் புறப்பட்ட தமிழரோடு எல்லை கடந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தெய்வங்களைக் கொணர்ந்தது போலவே கூத்தையும் கொணர்ந்தனர். நான் பிறந்து வளர்ந்தது அத்தகைய லைன் வீடொன்றில். சுரங்கத்தில் இறங்கிய தந்தையர் இரவெல்லாம் கண்விழித்து அரிச்சந்திரன் கூத்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் ஷிப்டுக்குச் செல்வர்.

எங்கள் லைனில் ஒரு பிள்ளை இருந்தது. பெயர் வேண்டுவதில்லை. 1993ஆம் ஆண்டுத் திருவிழாவில் அப்பிள்ளை சந்திரமதியாக நின்று, பாம்பு தீண்டி இறந்த மகனுக்காக அழுதபோது அழாத பெண்கள் இல்லை. பெரியவர்கள் எழுந்துவந்து பத்து ரூபாய் நோட்டுகளை இரவிக்கையில் குத்தினர். ஒரு வாரம் கழித்து அதே பிள்ளை கையில் வளையலோடு தண்ணீர்க் குழாய்க்கு வந்தது. நோட்டுக் குத்திய கைகளே அன்று அடித்தன. நான் அடிக்கவில்லை, ஆனால் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். மூன்றாண்டுகள் சென்றபின் ஒரு விடியற்காலை மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூர் செல்லும் ரெயிலில் ஏறிய அப்பிள்ளையைப் பிறகு எவரும் காணவில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்குரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். வந்தான், வந்தாள் என்று வினைமுற்றிலேயே பால் காட்டும் மொழி நம்முடையது. எழுவாயை மறைத்தாலும் விகுதி காட்டிக் கொடுத்துவிடும். மரியாதைக்குரிய 'வந்தார்' என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. எஞ்சியிருப்பது 'பிள்ளை வந்தது' என்னும் அஃறிணை முடிபு ஒன்றே. இலக்கணத்தின்படி அது தாழ்வு. வழக்கிலோ அது செல்லம். இத்தகையோரை இழிவின்றிக் குறிக்கும் சொற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது 2022இல்தான். அதற்கு முன்னரே 'திருநங்கை' என்ற சொல் மக்கள் நாவில் ஏறிவிட்டது.

திரைப்படமும் தொலைக்காட்சியும் நெடுங்காலம் இவர்களைச் சிரிப்புக்கு மட்டுமே அழைத்தன. கைதட்டும் ஓசை கேட்டவுடன் நகைச்சுவைக் காட்சி வந்துவிட்டதென்று நாம் பழகியிருந்தோம். 2008இல் விஜய் தொலைக்காட்சி 'இப்படிக்கு ரோஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, திருநங்கையான ரோஸ் அவர்களையே நடத்த அமர்த்தியபோது, வேடமில்லாத ஒருவர் முதன்முதலாக நம் கூடத்தில் வந்து அமர்ந்தார். 2014ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தன்று கோயம்புத்தூரில் பத்மினி பிரகாஷ் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். அவ்வாண்டு ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்திருந்தது.

கதைப் பாத்திரங்களின் நிலை வேறு. லிவிங் ஸ்மைல் வித்யா என்ற தமிழ்த் திருநங்கை தம் வாழ்க்கையைத் தாமே நூலாக எழுதினார். அந்நூல் கன்னடத்திற்குச் சென்றது. அதனைத் தழுவி பி.எஸ். லிங்கதேவரு இயக்கிய 'நானு அவனல்ல, அவளு' என்னும் கன்னடப் படம் 2015இல் திரைக்கு வந்தது. நான் அவனல்லன், அவள் என்பது பொருள். தமிழறிந்தவர்க்கு உரையே வேண்டாத தலைப்பு! மாதேசன் என்னும் சிற்றூர்ப் பிள்ளை வித்யாவாக மாறும் அக்கதையில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், அவரை ஒப்பனை செய்தவர்களுக்கு ஒப்பனைக்கான தேசிய விருதும் கிடைத்தன. கூத்தடிக்காமல், குரலை இழுக்காமல், அடக்கமாக நடித்த கலைஞர் அவர். 2021 ஜூன் மாதத்தில் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை.

2020 டிசம்பரில் வெளியான 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' இன்னும் நெருக்கமானது. 1981ஆம் ஆண்டுக் கொங்குநாட்டுச் சிற்றூரில் வாழும் சத்தார் என்ற இளம்பிள்ளைக்கு ஒரு காதல், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பெண்ணாக வேண்டும் என்ற ஒரே கனவு. சேர்த்த பணத்தைத் தான் காதலித்தவனுக்கே கொடுத்துவிட்டுத் தவிக்கும் அப்பாத்திரத்தைக் காளிதாஸ் ஜெயராம் ஏற்றார். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் ஷில்பாவாக விஜய் சேதுபதி நடித்து, அவரும் தேசிய விருது பெற்றார்.

மூவரும் ஆடவர், மூவரும் திறமையாளர். எனினும் ஸ்திரீபார்ட் மரபு முடிந்துவிட்டதென்று நாம் கருதியது தவறோ என்ற ஐயம் எனக்குண்டு. பெண்கள் மேடையேறத் தடையிருந்த காலத்தில் சிறுவர் பெண்வேடம் பூண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று வித்யாவின் கதையை வித்யாவைப் போன்றவர் நடிக்கத் தடை யாது? 'பேரன்பு' (2019) படத்தில் அஞ்சலி அமீர் என்ற திருநங்கை மம்மூட்டிக்கு இணையாக நடித்து, அது இயலும் என்று காட்டிவிட்டாரே! பெயர்பெற்ற நடிகர் இருந்தால்தான் படம் ஓடும் என்பார்கள். அது வியாபாரம், அதனை நான் மறுக்கவில்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. லைனில் பாதி வீடுகள் காலியாயின. அப்பிள்ளையின் தாயார் மட்டும் போகவில்லை. தேடி வந்தால் வீடு தெரிய வேண்டுமே என்பார். ரோஸ் அவர்களின் நிகழ்ச்சி வரும் நாட்களில் கதவைச் சாத்திவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். பின்னர் ஒருநாள் அக்கன்னடப் படத்தை என் வீட்டில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "யாருப்பா அது, நம்ம பக்கத்துப் புள்ளையா?" என்றார்.

"இல்லை அம்மா. நாடகக்காரர் ஒருவர். ஆண்பிள்ளை."

"அப்படியா?" என்று சற்று நேரம் இருந்தார். "நம்ம புள்ளயக் கூப்பிட்டிருந்தா வேஷம் கட்டாமலே நின்னிருக்குமே."

பிறகு, தாயும் பிள்ளையும் வரும் இடத்தை இன்னொருமுறை போடச் சொன்னார்.