குடும்பத் தலைவர் யார்? பிரிட்டனின் குடியேற்ற விதிகளும் தெற்காசியப் பெண்களும்

புலம்பெயர்ந்த ஆசியப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரே சித்திரம் வரையப்படுகிறது. ஒரு பக்கம் பிறந்த மண்ணின் வழக்கங்கள், மாமியார் வீடு, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். மறுபக்கம் குடியேறிய நாட்டில் கிடைக்கும் படிப்பு, வேலை, தன் விருப்பப்படி வாழும் வாய்ப்பு. பெண் நடுவில் நின்று இரண்டையும் சமாளிக்கிறாள். இந்தச் சித்திரத்தில் குடியேறிய நாட்டின் அரசும் முதலாளியும் எதுவும் செய்வதில்லை. சுதந்திரத்தின் மறுபெயராகப் பின்னால் நிற்பதோடு சரி. 1968 முதல் 2002 வரை பிரிட்டனில் இருந்த குடியேற்ற விதிகளையும் அக்காலத்தில் அங்கே வந்து சேர்ந்த தெற்காசியப் பெண்களின் நிலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்காது. பண்பாட்டின் எதிர்பார்ப்பு என்ற பெயரில் அப்பெண்கள் சுமந்ததில் கணிசமான பகுதி லண்டன் அலுவலகங்களில் எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்கங்கள் ஊரிலிருந்து வந்தவைதாம். ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது பிரிட்டனில்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கென்யா விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்களில் பெண்களும் உண்டு. கணவரின் கடவுச்சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்த உரிமை அன்று அது, அவர்களுக்கே உரியது. 1968 மார்ச்சில், மூன்றே நாள் விவாதத்தில் நிறைவேறிய காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் இவர்களுடைய நுழைவுரிமையைப் பறித்தது. பதிலுக்கு ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று சிறப்பு அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அந்தச் சீட்டு குடும்பத் தலைவருக்கு மட்டுமே. மணமான பெண் குடும்பத் தலைவராகக் கருதப்பட மாட்டார்; கணவர் இறந்திருக்க வேண்டும், அல்லது நோயாலோ ஊனத்தாலோ அந்தப் பொறுப்பை ஏற்க முடியாதவராக இருக்க வேண்டும். கென்யாவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த அமீன் என்ற பெண் தனக்குச் சீட்டு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1975-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது என்று பிரபுக்கள் அவை 1983-இல் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் பெண்ணுக்குச் சமத்துவத்தை வாக்களித்த சட்டம் வாசலில் நின்ற பெண்ணுக்கு உதவவில்லை. குஜராத்திக் குடும்பங்களில் ஆண்தான் தலைவர் என்ற வழக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வழக்கத்தில் பாட்டிகளுக்கும் சம்பாதிக்கும் மூத்த மகள்களுக்கும் பேரம் பேச இடம் இருந்தது. குடியேற்ற அதிகாரியின் படிவத்தில் அந்த இடம் இல்லை.

1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது இன்னும் கொடியது. திருமணம் செய்துகொள்ள இந்தியாவிலிருந்து வந்த 35 வயது ஆசிரியை ஒருவரைக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அன்றைய விதிப்படி மணமான பெண் முன்கூட்டியே நுழைவுச் சான்று வாங்கி, அதற்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு அது தேவையில்லை. எனவே வந்திருப்பவர் உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று சோதிக்க அதிகாரிகள் இந்த வழியைக் கையாண்டார்கள். இந்தியப் பெண் மணமாகாதவள் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பதே அவர்களுடைய அனுமானம். செய்தி ‘கார்டியன்’ நாளிதழில் வெளியானதும் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, சோதனை நிறுத்தப்பட்டது. இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதையும், இந்தியத் துணைக்கண்டத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரகங்களில் இத்தகைய பல சோதனைகள் நடந்திருந்தன என்பதையும் மாரினெல்லா மார்மோ, இவான் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் பின்னாளில் அரசு ஆவணங்களிலிருந்தே வெளிக்கொணர்ந்தார்கள். தெற்காசியச் சமூகத்தின் கற்புக் கோட்பாட்டை, அச்சமூகத்திலேயே பலர் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஐரோப்பிய அரசு மருத்துவரை வைத்து அமலாக்கியது.

திருமண விதிகளிலும் இதே தருக்கம்தான். 1980-இல் வந்த விதிகளில் முதன்மை நோக்க விதி என்று ஒன்று இருந்தது. 1983 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் மணமகனே, பிரிட்டனில் நுழைவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கமன்று என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லாததை நிரூபிப்பது எவருக்கும் கடினம். பெரியோர் பார்த்து முடிக்கும் திருமணத்தில் மிகவும் கடினம். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது மறுப்புக்கு அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று: துணைக்கண்டத்து வழக்கப்படி மணமகள்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள், இங்கே மணமகன் மணமகளைத் தேடி வருகிறான், எனவே இது சந்தேகத்துக்குரியது. பிராட்போர்டிலோ பர்மிங்காமிலோ வேலையில் இருக்கும் மகளைத் தங்கள் அருகிலேயே வைத்துக்கொள்ள, மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கப் பெற்றோர் துணிந்திருக்கிறார்கள். அது மரபில் நிகழ்ந்த பெரிய நெகிழ்வு. அந்த நெகிழ்வையே மோசடியின் அடையாளமாகப் படித்தது அரசு. மகளுக்கு அன்று இருந்த வழிகள் இரண்டு: வேலையை விட்டுவிட்டுக் கணவர் ஊருக்குப் போவது, அல்லது பிரிந்து வாழ்வது. மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் 1985 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அன்றைய விதிகளில் பாலினப் பாகுபாடு இருப்பதாகத் தீர்ப்பளித்தது. அவர்களில் ஒருவரான கபாலேஸ் பிலிப்பைன்ஸிலிருந்து மருத்துவமனை வேலைக்கு வந்தவர். பிரிட்டன் தீர்ப்பை ஏற்றுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கணவர்களுக்கு இருந்த தடையைத் தளர்த்தாமல் மனைவியருக்கும் அதையே விரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது. முதன்மை நோக்க விதி 1997-இல்தான் ஒழிந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நுழைவு விதிகள் கடுமையானவை என்பது சரி. ஆனால் உள்ளே வந்த பிறகு பெண்கள் வீட்டோடு இருந்தார்களே, அதற்குப் பண்பாடுதானே காரணம் என்று கேட்கலாம். லண்டனில் வாழும் வங்காளதேசப் பெண்களை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். நைலா கபீர் 2000-இல் வெளியிட்ட ‘தேர்ந்தெடுக்கும் ஆற்றல்’ பற்றிய நூல் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்தது போன்றது. அவர் டாக்காவையும் லண்டனையும் ஒப்பிட்டார். பர்தா வழக்கம் ஆழமாக வேரூன்றிய வங்காளதேசத்தில், 1980-களில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் திறந்ததும் பெண்கள் பெருங்கூட்டமாக வேலைக்குப் போனார்கள்; நகரத் தெருக்களில் காலையும் மாலையும் சாரிசாரியாக நடந்தார்கள். பெண்கள் வேலைக்குப் போவது சகஜமான லண்டனில் அதே நாட்டுப் பெண்கள் வீட்டுக்குள் தையல் இயந்திரத்தைப் போட்டு, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உருப்படிகளைத் தைத்துக் கொடுத்தார்கள். பண்பாடு ஒன்று; விளைவு நேரெதிர். லண்டனின் கிழக்குப் பகுதியில் நெருக்கமாக வாழ்ந்த, பெரும்பாலும் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்த சமூகம் அது. வெளியே போனால் இனவெறித் தாக்குதலுக்கு அஞ்ச வேண்டும். சொந்தக்காரர்களின் கண்ணோ ஓயாது. ஆங்கிலம் தெரியாதவருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் வீடு தேடி வரும் வேலையைத் தவிர வேறு வழி குறைவு. டாக்காவுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் தனித்தனியாக வந்த பெண்கள்மீது இந்தக் கண்காணிப்பு அவ்வளவாகக் கவியவில்லை. தொழிற்சாலையும் அவர்களையே தேடியது. ஆக, வழக்கம் எங்கே இறுகும், எங்கே நெகிழும் என்பதைத் தொழிலும் குடியிருப்பும் பாதுகாப்பும் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு நூலுக்குப் பிறகும் ‘பண்பாட்டுத் தடை’ என்ற சொற்றொடரை விளக்கமின்றிக் கையாள்வது ஆய்வுச் சோம்பல் என்றே கருதுகிறேன்.

தனிமனித நிறைவு என்பது மேற்கத்தியக் கருத்து, குடும்பத்தை மையமாகக் கொண்ட ஆசியப் பெண்களின்மீது அதைத் திணிக்கக் கூடாது என்ற மறுப்பும் உண்டு. கிரன்விக் போராட்டம் அதற்குப் பதில் தருகிறது. வடமேற்கு லண்டனில் தபால் வழியே புகைப்படச் சுருள்களைப் பெற்றுக் கழுவி அனுப்பும் ஆலை கிரன்விக். 1976 ஆகஸ்ட் 20 அன்று, கட்டாய ஓவர்டைமை எதிர்த்து ஜெயாபென் தேசாய் தன் மகனோடு வெளியேறினார். குஜராத்தில் பிறந்து, மணமாகித் தான்சானியா சென்று, அங்கிருந்து பிரிட்டன் வந்தவர். வேலைநிறுத்தம் செய்த 137 பேரில் பெரும்பாலோர் அவரைப் போன்ற பெண்கள். கோடை காலத்தில் சுருள்கள் வந்து குவியும்; வீட்டுக்குப் போகும் நேரத்தில் மேலும் வேலை செய்யச் சொல்வார்கள்; பிள்ளைகளை யார் பார்ப்பது, சமையல் என்ன ஆவது என்பது மேலாளருக்குக் கவலையில்லை. அவர்கள் கேட்டது தொழிற்சங்க அங்கீகாரத்தையும் மரியாதையையும். குடும்பக் கடமையும் சுயமரியாதையும் அவர்களிடம் ஒரே கோரிக்கையாக வந்தன: ஓவர்டைமை மறுக்கும் உரிமை தாய்க்கும் தேவை, தொழிலாளிக்கும் தேவை. அம்ரித் வில்சன் 1978-இல் வெளியிட்ட நூலில் தேசாய் சொல்லும் ஒரு செய்தி முக்கியமானது. முதலாளி மறியல் நடந்த இடத்துக்கே வந்து, சேலை கட்டிக்கொண்டு ஜெயிக்க முடியாது என்று கேலி செய்ததாகவும், தேசாய் ஒழுக்கமற்றவர் என்று படேல் சமூகம் முழுவதற்கும் சொல்லப்போவதாக மிரட்டியதாகவும் அவர் கூறுகிறார். மானம், ஊர்வாய் ஆகியவற்றை ஆயுதமாக எடுத்தது அங்கே மாமியார் அல்ல, ஆலை. 1977 ஆகஸ்டில் ஸ்கார்மன் விசாரணைக் குழு அவர்களை மீண்டும் வேலைக்கு எடுக்கப் பரிந்துரைத்தும் நிர்வாகம் மறுத்தது. 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. தொழிற்சங்கத் தலைமையும் இறுதியில் அவர்களைக் கைவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் சேலையைக் களையாமல், குடும்பத்தைத் துறக்காமல், இரண்டாண்டு வீதியில் நின்ற அப்பெண்களிடம் தனிமனித நிறைவுக்கு மேற்கின் வாய்பாட்டை இரவல் வாங்க வேண்டிய தேவை எதுவும் காணப்படவில்லை.

மிக வலுவான மறுப்பை இப்போது எடுத்துக்கொள்ள வேண்டும். அரசின்மீதும் முதலாளியின்மீதும் பழியைப் போட்டால் வீட்டுக்குள் நடக்கும் கொடுமை மறைந்துபோகாதா? கட்டாயத் திருமணமும் மானத்தின் பெயரால் நடக்கும் கொலையும் பிரிட்டிஷ் அதிகாரி கண்டுபிடித்தவையல்லவே? இந்தக் கேள்வி நியாயமானது. இதைத் தட்டிக்கழிக்கும் எந்த வாதமும் பெண்களுக்குத் துரோகமாகவே முடியும். 1979-இல் தோன்றிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு, இனவெறிக்கு எதிராகப் போராடும்போது வீட்டு வன்முறையைப் பேசாதே என்று சொந்தச் சமூகத் தலைவர்கள் கேட்டதை ஏற்கவில்லை. பஞ்சாபிலிருந்து மணமாகி வந்து, பத்தாண்டு அடிபட்டு, 1989-இல் கணவருக்குத் தீ வைத்த கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கை அந்த அமைப்புதான் மக்களிடம் கொண்டு சென்றது. கொலைக்குற்றத் தண்டனை 1992 ஜூலையில் மேல்முறையீட்டில் ரத்தானது. செப்டம்பரில் அவர் விடுதலை பெற்றார். அடித்தது கணவர். அதில் மழுப்பலுக்கு இடமில்லை. ஆனால் அதே அமைப்பு அதே ஆண்டுகளில் எதிர்த்துப் போராடிய இன்னொன்று குடியேற்ற விதிகளின் ஓராண்டுத் தகுதிகாண் காலம். மணமாகி வந்த பெண் ஓராண்டுக்குள் கணவரை விட்டுப் பிரிந்தால் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். அந்த ஓராண்டில் அரசின் உதவித்தொகை எதையும் பெற முடியாது. உதவித்தொகை இல்லாதவருக்குக் காப்பகத்தில் இடம் கிடைப்பது அரிது, ஏனெனில் காப்பகங்கள் அந்தத் தொகையை நம்பியே நடக்கின்றன. போலீஸைக் கூப்பிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணவர் மிரட்டினால், அது வெற்று மிரட்டலன்று. விதிகளில் உள்ளதைத்தான் அவர் சொல்கிறார். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 1999-இல் சலுகை கிடைத்தது; 2002-இல் அது விதியாயிற்று. வீட்டின் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதாலேயே அந்த அதிகாரத்துக்கு எங்கிருந்து தீனி வந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இவை பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 2012-இல் பிரிட்டன் தகுதிகாண் காலத்தை ஐந்தாண்டாக நீட்டி, வெளிநாட்டுத் துணையை அழைத்துவர ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்றது. 2024-இல் அத்தொகை 29,000 ஆனது. ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகச் சம்பாதிக்கும் நாட்டில் இந்தத் தொகை யாரை அதிகம் தடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் ஹெச்-4 விசா. ஹெச்-1பி விசாவில் போகும் மென்பொருள் பொறியாளரின் மனைவி ஹெச்-4 விசாவில் படிக்கலாம். பொது விதிப்படி சம்பளம் வாங்கக் கூடாது. சென்னையிலோ கோவையிலோ கணவர் படித்த அதே பொறியியலைப் படித்து, அதே போன்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அங்கே சமையலறைக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார். ‘பெண்டாட்டி வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள்’ என்று உறவினர்கள் அதை நம் வழக்கமாகப் பேசிவிடுகிறார்கள்; நம் பத்திரிகைகளும் இது அவருடைய தேர்வு என்பது போலவே எழுதுகின்றன. கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை பார்க்கலாம் என்ற விதி 2015 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த அனுமதியைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். ஏறத்தாழ அதே அளவுக்கு இந்தியர்கள். அந்த விதியை எதிர்த்து அதே ஆண்டில் வழக்கும் தொடரப்பட்டது.

நம் ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்ப் புலம்பெயர் பெண்களைப் பற்றிய கேள்வித்தாள்களில் சாதி, சமயம், படிப்பு, பூர்வீக ஊர் எல்லாம் கேட்கப்படுகின்றன. எந்த விசாவில் வந்தார், அது யாருடைய பெயரைச் சார்ந்தது, எப்போது மாறியது என்ற கேள்வி அவற்றுக்கு முன்னால் வர வேண்டும். ஒரே குடும்பத்தில், அதே மாமியார், அதே கணவர், அதே பண்டிகைகள் இருக்க, மனைவிக்கு வேலை அனுமதி வந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் யார் சமைத்தார், குழந்தையைக் காப்பகத்தில் விடுவது பற்றி யார் முடிவெடுத்தார், ஊருக்கு யார் பெயரில் பணம் போனது என்று பதிவு செய்தால், வழக்கத்தின் பங்கையும் விதியின் பங்கையும் பிரித்துக் காட்ட முடியும்.