நாட்டை விடாமல் இயற்பியல்: அப்துஸ் சலாமும் திரியெஸ்தே மையமும்

1960 செப்டம்பரில் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் பொதுமாநாடு கூடியது. பாகிஸ்தான் தூதுக்குழுவில் வந்திருந்த 34 வயது இயற்பியலாளர் அப்துஸ் சலாம் ஒரு யோசனையை முன்வைத்தார். கோட்பாட்டு இயற்பியலுக்கென்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஆய்வு மையம் வேண்டும். ஏழை நாட்டு ஆய்வாளர்கள் அங்கே வந்து தங்கி, முன்னணி அறிஞர்களோடு பணியாற்றிவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். வளர்ந்த நாடுகள் பலவற்றுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. கோட்பாட்டு இயற்பியல் அறிவியல் துறைகளுக்குள் ரோல்ஸ் ராய்ஸ் கார், வளரும் நாடுகளுக்குத் தேவைப்படுவதோ மாட்டுவண்டி என்று அந்த விவாதங்களில் ஒரு பிரதிநிதி பேசினார். சலாம் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் தம் உரைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிரதிநிதி போட்ட கணக்கே பிழை. சோதனை இயற்பியலுக்குத்தான் துகள் முடுக்கிகளும் கோடிக்கணக்கில் பணமும் வேண்டும். கோட்பாட்டு இயற்பியலாளருக்குத் தாளும் பென்சிலும் கரும்பலகையும் போதும்; கூடவே புதிய ஆய்விதழ்களும், கணக்கைக் காட்டிப் பேச நாலு பேரும் வேண்டும். சலாம் முன்பு பணியாற்றிய லாகூரில் இல்லாமல் போனவை இந்தக் கடைசி இரண்டும்தான்.

சலாம் பிறந்தது 1926 ஜனவரி 29 அன்று. வளர்ந்தது பஞ்சாபின் ஜங் என்ற சிற்றூரில். லாகூர் அரசுக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் சர்வதமன் சௌலாவிடம் படித்தார். அவருடைய முதல் ஆய்வுக் குறிப்பு 1943இல், பதினேழு வயதில், ‘மேதமேடிக்ஸ் ஸ்டூடண்ட்’ இதழில் வந்தது. ராமானுஜன் முன்வைத்த ஒரு கணக்கைப் பற்றியது அது. 1946இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். குவாண்டம் புலக் கோட்பாட்டில் முடிவிலி விடைகளை நீக்கும் முறையில் பெரிய பெயர்கள் திணறிக்கொண்டிருந்த ஒரு சிக்கலைத் தீர்த்தார். அந்தப் புகழோடு 1951இல் தாம் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

கல்லூரியில் ஆராய்ச்சி என்ற பேச்சே இல்லை. முதல்வர் அவரிடம் ஆராய்ச்சியை மறந்துவிடச் சொல்லி, பாடம் நடத்துவதோடு மூன்றில் ஒரு பொறுப்பை ஏற்கச் சொன்னார்: விடுதிக் காப்பாளர், கணக்கு மேற்பார்வை, கால்பந்துக் குழுத் தலைமை. சலாம் கால்பந்தை எடுத்துக்கொண்டார். ஒரு முறை புகழ்பெற்ற இயற்பியலாளர் வோல்ஃப்காங் பௌலி பம்பாய்க்கு வந்திருப்பது தெரிந்ததும் அவரைப் பார்க்கக் கிளம்பிப் போனார். அனுமதி பெறாமல் போனதற்காகத் திரும்பியதும் கல்லூரியில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள்.

அக்காலத்தில் புதிய கருத்துகள் பரவிய விதத்தை நினைத்தால்தான் இந்தத் தனிமையின் எடை புரியும். ஆய்விதழில் அச்சாகும் முன்பே கட்டுரையின் படிகள் பிரின்ஸ்டன், கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் என்று அறிமுகமானவர்களுக்குள் கைமாறிவிடும். இதழ் கப்பலேறி லாகூருக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்விக்கு வேறொருவர் விடை எழுதி முடித்திருப்பார். நாட்டில் இருந்தால் இயற்பியல் போய்விடும், இயற்பியலில் இருந்தால் நாடு போய்விடும் என்பது சலாமின் நிலை. அகமதியா சமூகத்தைச் சேர்ந்த அவருக்கு 1953இல் லாகூரில் அந்தச் சமூகத்துக்கு எதிராக வெடித்த கலவரமும் சேர்ந்துகொண்டது. 1954இல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். 1957இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

ஆண்டில் மூன்று மாதம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஓர் ஆய்வு மையத்தில் வேலை செய்யலாம், மீதி ஒன்பது மாதம் லாகூரில் இரு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் தாம் கிளம்பியே இருக்கமாட்டார் என்று சலாம் பிற்காலத்தில் எழுதினார். யாரும் சொல்லவில்லை. அடுத்த தலைமுறைக்காவது அதைச் சொல்லும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது.

மையத்தைத் தம்மிடம் அமைக்க லாகூர், அங்காரா, கோபன்ஹேகன் ஆகியவை போட்டியிட்டன. இத்தாலியின் திரியெஸ்தே வென்றதற்கு முக்கியக் காரணம் பாவ்லோ புதினிச் என்ற இயற்பியலாளர். ஆட்ரியாடிக் தீவு ஒன்றில் மாலுமிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகமாகச் செழித்து, உலகப் போருக்குப்பின் இத்தாலிக்கும் யுகோஸ்லாவியாவுக்கும் இடையே 1954 வரை இழுபறியில் கிடந்த ஊர் திரியெஸ்தே. எல்லையோரத்தில் மூலையாகிப்போன அந்த நகரை மறுபடி உலகோடு இணைக்க புதினிச் துடித்தார். ராபர்ட் மார்ஷக், பிரேசிலின் ஜெய்மி தியோம்னோ, லியோன் வான் ஹோவே ஆகிய மூவர் அடங்கிய நிபுணர் குழு மையம் தேவை என்று பரிந்துரைத்தது. அணுசக்தி முகமை ஒதுக்கிய தொகை வெறும் 55,000 டாலர். இத்தாலி இடமும் தந்து பெரும்பங்குச் செலவையும் ஏற்றது. இன்றுவரை அதுவே நடக்கிறது. 1964 அக்டோபர் 5 அன்று ஒபர்தான் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தில் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் வேலையைத் தொடங்கியது. அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு மெக்சிகோவின் சாந்தோவால் வயார்த்தா தலைவர், ஓப்பன்ஹைமர் உறுப்பினர், சலாம் இயக்குநர். 1968இல் கடலோரத்து மிராமாரே வளாகத்துக்கு மையம் மாறியது.

கட்டடத்தைவிடவும் கவனிக்க வேண்டியது ‘அசோசியேட்’ என்ற ஏற்பாடு. வளரும் நாட்டில் பணிபுரியும் ஆய்வாளர் ஒருவர் அசோசியேட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை திரியெஸ்தே வரலாம். ஒவ்வொரு முறையும் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை தங்கலாம். பயணச் செலவும் தங்கும் செலவும் மையத்தினுடையவை. எப்போது வருவது என்பதை அவரே முடிவுசெய்வார். பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில். ஒரே நிபந்தனை, அவருடைய வேலையும் வாழ்க்கையும் சொந்த நாட்டிலேயே தொடர வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளை தொடக்கத்தில் இதற்குப் பணம் கொடுத்தது.

அன்றைய உதவித்தொகைகள் பலவும் ஓர் இளைஞரை ஊரிலிருந்து ஒரேயடியாகக் கிளப்பிக்கொண்டு போயின. பட்டம் பெற்றவர் திரும்புவதில்லை. திரும்பினாலும் சில ஆண்டுகளில் லாகூரில் சலாமுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். சலாமின் ஏற்பாடு தனிமையை ஒரே மூச்சில் ஒழிக்கப் பார்க்கவில்லை. அது முற்றிவிடும் முன் மறுபடி மறுபடி கலைத்தது. இயற்பியலில் அவர் செய்த எதற்கும் குறையாத கண்டுபிடிப்பு இது.

கானாவின் டேனியல் அக்யம்போங் இம்பீரியல் கல்லூரியில் 1966இல் முனைவர் பட்டம் பெற்று, கானா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கப் போனார். அங்கிருந்தபடியே திரியெஸ்தேயோடு தொடர்பை விடாமல், 1973இல் சலாம் குழுவின் டெல்போர்கோவுடன் குவாண்டம் புலக் கோட்பாட்டின் புதிய கணக்கீட்டு முறை ஒன்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அக்ராவில் பாடம் நடத்திக்கொண்டே உலகம் அப்போது விவாதித்த கேள்வியில் பங்கெடுக்க முடிந்தது. சலாமின் மாணவர் ரியாசுதீன் பாகிஸ்தானுக்குத் திரும்பி இஸ்லாமாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பினார். சலாமின் தூண்டுதலால் 1976இல் நாதியாகலி மலையூரில் கோடைக்கால இயற்பியல் பள்ளி தொடங்கியது. வெளிநாட்டு அறிஞர்கள் பாகிஸ்தானுக்கே வந்து பாடம் நடத்தினார்கள்.

பனிப்போர்க் காலத்தில் மையம் எதிர்பாராத இன்னொரு வேலையும் செய்தது. 1965-66இல் நடந்த ஓராண்டு பிளாஸ்மா இயற்பியல் பட்டறையில் அமெரிக்காவின் மார்ஷல் ரோசன்புளூத்தும் சோவியத் ஒன்றியத்தின் ரோல்ட் சக்தேயேவும் ஒரே கூரையின்கீழ் இருந்து பணியாற்றினார்கள்.

ஏழை நாட்டினருக்கான பயிற்சிக்கூடம் என்று மட்டும் மையத்தை எண்ணுவது தவறு. 1974இல் சலாமும் ஜான் ஸ்ட்ராத்தியும் மீச்சமச்சீர்மைக் கோட்பாட்டுக்கு ‘சூப்பர்ஸ்பேஸ்’ என்ற கணித மொழியை அளித்தது திரியெஸ்தேயில். ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியோடு சேர்ந்து விசைகளை ஒருங்கிணைக்கும் கோட்பாட்டை அவர் உருவாக்கியதும் இதே காலத்தில்தான். வந்து சேர்ந்த இளைஞர்கள் இரண்டாந்தர வகுப்பில் உட்காரவில்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அறைக்குள் நுழைந்தார்கள். ஹைசன்பர்க், டிராக், பேத்தே ஆகியோர் 1968 கருத்தரங்கில் பேசினார்கள் என்றால், அவர்களைக் கேட்க லாகோஸிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்தவர் சிறப்பு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

துகள் இயற்பியல் ஏழை நாட்டுக்கு என்ன தரும் என்ற கேள்வி அப்போதும் இருந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1967இலேயே திண்மநிலை இயற்பியல் வகுப்புகள் தொடங்கின; பிறகு மண்ணின் இயற்பியல், வளிமண்டலம், லேசர், கணினி என்று பாடங்கள் விரிந்தன. சோதனைக்கூட அனுபவம் வேண்டியவர்களை இத்தாலிய ஆய்வகங்களுக்கு அனுப்பும் திட்டம் 1980களில் வந்தது. இன்று அங்கே மேம்படுத்தப்பட்டு வரும் வட்டாரக் காலநிலை மாதிரியைக் கொண்டு ஆப்பிரிக்க, ஆசிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு மழையைத் தாங்களே கணிக்க முயல்கிறார்கள். மாட்டுவண்டி ஓட்டும் உழவருக்கும் மழைக்கணக்கு தேவை அல்லவா?

1979இல் ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க் ஆகியோரோடு சலாம் நோபல் பரிசு பெற்றார். மின்காந்த விசையையும் அணுக்கருவின் வலுக்குறைந்த விசையையும் ஒன்றாக்கிய கோட்பாட்டுக்கான பரிசு அது. பரிசுப் பணத்தை வளரும் நாட்டு இளம் இயற்பியலாளர்களுக்கே செலவிட்டார். அதற்கு முன் 1968இல் கிடைத்த அமைதிக்கான அணு விருதின் தொகையும் பாகிஸ்தான் இளைஞர்களைத் திரியெஸ்தேக்கு அழைத்துவரப் போனது. 1983இல் மூன்றாம் உலக அறிவியல் அகாதமியை நிறுவி அதன் முதல் தலைவரானார். மூன்றாம் உலகப் பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பும் அந்த முயற்சியிலிருந்தே கிளைத்தது. அதன் முதல் தலைவர் ஸ்வாசிலாந்தின் வேதியியலாளர் லிடியா மக்குபு.

சொந்த நாடு அவரை நடத்திய விதம் வேதனையானது. 1961 முதல் பாகிஸ்தான் அதிபரின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தவர், 1974இல் அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் பதவி விலகினார். ஆனாலும் பாகிஸ்தான் குடியுரிமையை விடவில்லை. நரம்புச் சிதைவு நோயால் நடையும் பேச்சும் தளர்ந்த பின்னும் சக்கர நாற்காலியில் மையத்துக்கு வந்தார். 1996 நவம்பர் 21 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். உடல் பாகிஸ்தானின் ரப்வாவில் அடக்கமானது. கல்லறைக் கல்லில் ‘முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர்’ என்றிருந்ததில் முஸ்லிம் என்ற சொல்லை அழித்துவிட்டார்கள். ஓர் ஆய்வாளர் ஊரில் இருந்தபடியே உழைக்க வேண்டும் என்று உலகமெங்கும் வழி செய்தவருக்கு அவருடைய ஊரே அந்த வழியை மறுத்தது.

1997இல் மையம் அவர் பெயரை ஏற்றது. அவருக்குப்பின் அர்ஜென்டினாவின் மிகேல் விரசோரோ, இந்தியாவின் கே.ஆர். ஸ்ரீநிவாசன், குவாத்தமாலாவின் பெர்னாண்டோ கெவேடோ, இந்தியாவின் அதிஷ் தபோல்கர் என்று இயக்குநர் பொறுப்பு வளரும் நாடுகளில் பிறந்தவர்களிடமே தொடர்ந்து வந்திருக்கிறது. 1964 முதல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆய்வுப் பயணங்கள் திரியெஸ்தேக்கு நடந்திருக்கின்றன. இப்போது மையமே வெளியே கிளை விடுகிறது: பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒன்று, 2018 முதல் ருவாண்டாவின் கிகாலியில் ஒன்று. கிகாலிக் கிளை ருவாண்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயற்பியலில் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. ஆப்பிரிக்க மாணவர்கள் தங்கள் கண்டத்தை விட்டு வெளியே போகாமலே அதைப் படிக்கிறார்கள்.