திறப்பு யாரிட்ட?

ஒரு இணையத்தளத்தை ஒரே நேரத்தில் கனபேர் தட்டினால் ஒற்றைச் சேர்வர் திணறிப்போகும். பின்னால் பல சேர்வர்களை வைத்து, வாற ஆக்களைப் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு வாசல் வேணும். அதுதான் லோட் பாலன்சர். 1990களில் இது நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கிவைத்த ஒரு பெட்டி. அமேசன் இதைத் தன் கிளவுட்டில் வாடகைச் சேவையாக அறிமுகப்படுத்தியது 2009 மே மாதத்தில். அந்த மே மாதம் வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த முதல் வகைக்கு இப்ப பெயர் கிளாசிக். பிறகு மூன்று வந்தன. 2016 இல் வந்த அப்ளிகேசன் லோட் பாலன்சர் கோரிக்கையைத் திறந்து வாசிக்கும். படம் கேட்டால் ஒரு சேர்வர், காசு கட்டப் போனால் இன்னொன்று என்று பார்த்து அனுப்பும். 2017 இல் வந்த நெட்வேர்க் லோட் பாலன்சர் உள்ளுக்க என்ன இருக்கு என்று பார்க்காது. முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்துத் தள்ளிவிடும். அதால்தான் செக்கனுக்குப் பல மில்லியன் கோரிக்கைகளைத் தாங்குகிறது. 2020 இன் கேட்வே லோட் பாலன்சர், வாற எல்லாவற்றையும் முதலில் ஃபயர்வால் போன்ற சோதனைக் கருவிகளுக்குப் பிரித்து அனுப்பும். அங்கே தப்பினதுதான் உள்ளே போகும்.

சோதனை என்றதும் எங்கட ஆக்களுக்கு ஏ9 ஞாபகம் வரும். 2002 இல் திறந்து 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட அந்தப் பாதையில், முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டித்தான் எங்கட அம்மா அப்பாமார் போய்வந்தார்கள். கொழும்புக்கு எத்தனை மணிக்குப் போய்ச்சேரலாம் என்பது சாவடியின் கையில் இருந்தது.

கிளவுட்டிலும் கணக்கு இதுதான். திறந்து பார்க்கிற வாசல் புத்தியாகப் பிரிக்கும், ஆனால் நேரம் எடுக்கும். அதோடு, பூட்டி வாற தகவலை வாசிக்க அதனிடம் திறப்பு இருக்கவேணும். அப்ளிகேசன் வகையில் பூட்டு வாசலிலேயே திறபடும். நெட்வேர்க் வகையில், விரும்பினால், பூட்டியபடியே சேர்வர் வரை கொண்டுபோகலாம்.

இவற்றை ஒப்பிடுகிற அட்டவணைகள் வேகத்தையும் விலையையும் எழுதும். நாங்கள் இன்னொரு நிரல் கேட்கிறோம்: யார் திறந்து பார்க்கிறார்கள்? சோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வங்கிக் கணக்குக்கும் வைத்தியசாலைத் தரவுக்கும் காவல் வேணும்தான். ஆனால் அந்தக் காவலாளியிடம் எங்கட திறப்பு இருக்கிறது என்றாவது எங்களுக்குத் தெரிந்திருக்கவேணும். சாவடியில் பையைத் திறந்தபோது அது எங்கட ஆக்களின் கண்முன்னால் நடந்தது. இங்கே அதுகூட இல்லை.