பிறை காணும் குன்றும் யூதர்தம் திங்கள் நாள்காட்டியும்



கோல சிலாங்கூரில் வாழும் நமக்குப் புக்கிட் மெலாவத்திக் குன்று புதிதன்று. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அக்குன்றின் கோட்டையைக் கைப்பற்றித் தம் ஆளுநர் பெயரால் அல்திங்பர்க் என்று அழைத்ததையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதையும் மாணவர்களுக்குச் சொல்லியிருப்போம். கலங்கரை விளக்கத்தையும் சுற்றுலாவுக்கு வருவோர் கையிலிருந்து கடலை பறிக்கும் குரங்குகளையும் காட்டியிருப்போம். அதே குன்றில் மற்றொரு பணியும் நடைபெறுகிறது. நோன்பு மாதமும் பெருநாள் மாதமும் தொடங்குவதற்கு முந்திய மாலைகளில், சமய அதிகாரிகள் தொலைநோக்கியுடன் மேற்கே கடலை நோக்கி நின்று, கதிரவன் மறைந்த இடத்தருகே கீற்றுப் பிறை தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். நாடு முழுவதும் பிறை பார்ப்பதற்குக் குறிக்கப்பட்ட இடங்களுள் நம் குன்றும் ஒன்று. அன்றிரவு அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி நாளை அறிவிக்கும்வரை, அண்டை வீட்டு மலாய்க்காரத் தாய்மார்களின் அடுப்பில் ரெண்டாங் கொதிப்பதா வேண்டாமா என்று காத்திருக்கும். 2022ஆம் ஆண்டில் பலரும் மே 3ஆம் நாளையே பெருநாளாக எதிர்பார்த்திருக்க, மே முதல் நாளிரவு "நாளையே பெருநாள்" என்று அறிவிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த பரபரப்பையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

வானில் காணும் ஒன்றை மனிதர் கூடி ஆராய்ந்து, "இன்று மாதம் பிறந்தது" என்று அறிவிக்கும் இவ்வழக்கத்தை மிக விரிவான நடைமுறையாக எழுதி வைத்த பழைய இனத்தவருள் யூதர் முதன்மையானோர். அவர்தம் நாள்காட்டியைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். தோட்டப்புறத் தமிழருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பொறுமையுடன் படித்து வருக.

தமிழில் திங்கள் என்னும் ஒரு சொல்லே நிலவையும் மாதத்தையும் குறிக்கிறது. எபிரேய மொழியில் மாதத்தைக் குறிக்கும் 'ஹோதெஷ்' என்னும் சொல் 'புதியது' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஆகவே அவர்களுக்கு மாதம் என்பதே ஒரு புதுப்பிறப்பு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து வெளியேறும் தறுவாயில் அம்மக்களுக்கு இறைவன் இட்ட முதற்கட்டளையாகத் திருநூல் காட்டுவது, இம்மாதமே உங்களுக்கு மாதங்களின் தலை என்பதுதான். இதற்கு யூத அறிஞர்கள் தரும் விளக்கம் நயமானது. அடிமைக்குத் தன் நேரம் தன்னுடையதன்று. எழும் வேளையும் ஓயும் வேளையும் எசமானனுடையவை. நாளைத் தானே எண்ணத் தொடங்குபவனே விடுதலை பெற்றவன். பெரட்டுக் களத்து மணிக்கு எழுந்து, செக்ரோல் பதிவுக்குள் வாழ்நாளை அடக்கிய நம் பாட்டன் பாட்டியரை எண்ணினால் இவ்விளக்கத்தின் ஆழம் நமக்கு எளிதில் விளங்கும். துரை வகுத்த நாள்கள் ஒரு பக்கம் ஓட, அவர்கள் தங்களுக்கென வைத்துக்கொண்டது ஆடித் திருவிழா, சித்திரா பௌர்ணமி, கார்த்திகை என்னும் மற்றொரு நாள்வரிசையை.

எருசலேமில் கோயில் நிலைபெற்றிருந்த காலத்தில் மாதம் எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்பதை, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூல் விரித்துரைக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை கண்டவர்கள் எருசலேமுக்கு விரைந்து சென்று சான்று கூற வேண்டும். அதற்காக ஓய்வுநாள் கட்டுப்பாட்டை மீறிப் பயணம் செய்யவும் இசைவு உண்டு. சாட்சிகள் வந்து கூடுவதற்கு ஒரு பெரிய முற்றமும், அவர்களை மகிழ்விக்க விருந்தும் இருந்தன. அடுத்த மாதமும் தயங்காமல் வரவேண்டும் அல்லவா! நடுவர்கள் அவர்களை இருவர் இருவராக அழைத்து வினவுவர். பிறை கதிரவனுக்கு வடக்கிலா தெற்கிலா, எவ்வளவு உயரத்தில், எப்பக்கம் சாய்ந்து, எவ்வளவு அகலத்தில் தெரிந்தது? விடைகள் பொருந்தினால் தலைவர் "புனிதமாயிற்று" என்பார். கூடியிருந்தோர் அதனை இருமுறை திருப்பிச் சொல்வர். பிறகு ஒலிவ மலையுச்சியில் நீண்ட கழிகளில் தீப்பந்தம் கட்டி அசைப்பர். அடுத்த மலையில் பதில் நெருப்புத் தெரியும்வரை அசைப்பர். இவ்வாறு மலை மலையாகத் தாவி அச்செய்தி பாபிலோன் திசையில் வாழ்ந்த யூதரைச் சென்றடைந்தது.

எதிரணியினராகிய சமாரியர் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதால் இம்முறை கைவிடப்பட்டுத் தூதர்கள் அனுப்பப்பட்டனர். தூதர் எட்ட முடியாத தொலைவில் இருந்தவர்கள், எந்நாள் சரியான நாள் என்று தெரியாமையால் பெருநாள்களை இரண்டு நாள் கொண்டாடினர். ஐயம் தீர்ந்து பன்னூறு ஆண்டுகள் சென்ற பின்னும், மரபு பேணும் வெளிநாட்டு யூதர் இன்றும் அவ்விரண்டாம் நாளை விடவில்லை.

அதே நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை நான் வியப்போடு படித்தேன். கோயில் அழிந்தபின் யாப்னே நகரில் தலைமை தாங்கிய கமலியேல், பிறையின் வடிவங்களைத் தம் மாடியறைச் சுவரில் வரைந்து வைத்து, படிப்பறியாச் சாட்சிகளிடம் "இதுபோலவா, அதுபோலவா?" என்று கேட்பாராம். நாம் இக்காலத்தில் பாடத்துணைப்பொருள் என்கிறோமே, அதுதான். ஒருமுறை அவர் ஏற்றுக்கொண்ட சாட்சியம் தவறானது என்று யோசுவா என்னும் பேரறிஞர் கருதினார். நாள் ஒன்று மாறினால் ஆண்டின் மிகப் புனிதமான நோன்புநாளும் மாறும். கமலியேல் ஓர் ஆணை அனுப்பினார்: உம் கணக்கின்படி நோன்புநாளாகும் அன்று, கைத்தடியும் பணப்பையும் ஏந்தி என்னிடம் வருக. புனித நாளில் செய்யக்கூடாதவை அவை. யோசுவா மனம் வெதும்பினார். நண்பர்கள் எடுத்துரைத்தபின் கோலும் பையும் ஏந்திப் புறப்பட்டார். அவரைக் கண்ட கமலியேல் எழுந்து முத்தமிட்டு, அறிவில் தமக்கு ஆசான் என்றும் பணிந்தமையால் மாணாக்கர் என்றும் சொல்லி வரவேற்றார். கணிப்பில் யார் சரி என்று அந்நூல் தீர்ப்பளிக்கவில்லை. சிதறிப்போகும் நிலையிலிருந்த ஓர் இனம் ஒரே நாளில் நோன்பிருக்க வேண்டும் என்பதே அங்குப் பெரிதாயிற்று. யோசுவாவின் பக்கம் உண்மை இருந்திருக்குமாயின், அவர் நடந்த அந்த நடை எத்துணைப் பாரமானது!

கி.பி. 70இல் கோயில் வீழ்ந்தது. பின்னாளில் நடுவர் மன்றமும் நலிந்தது. நான்காம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் ஹில்லேல் என்பார் கணக்கிடும் முறையை வெளிப்படுத்தினார் என்பது மரபு. இன்றைய வடிவம் முழுமை பெறப் பின்னும் சில நூற்றாண்டுகள் ஆயின. 922இல் கூட, பாலஸ்தீனத்துப் பென் மெயிர் ஒருபுறமும் பாபிலோனியக் கல்விக்கூடங்களின் சார்பில் சாதியா மறுபுறமும் நின்று வாதிட, அவ்வாண்டுப் பஸ்காப் பெருநாள் இரு தரப்பார்க்கும் இரண்டு நாள் வேறுபட்டது. முடிவில் சாதியாவின் தரப்பே நிலைத்தது.

கணக்கு யாதெனக் காண்போம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை சராசரி 29 நாள், 12 மணி, 44 நிமிடத்துக்குச் சற்று மேல். பன்னிரு திங்களுக்கு 354 நாள். கதிரவன் ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் பருவங்கள் நழுவும். பஸ்காவோ இளவேனிலில் வந்தாக வேண்டும். ஆகவே 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்குப் பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்தனர். இக்கணக்கு பாபிலோனியருக்கும் தெரிந்ததே. நிசான், தம்மூஸ், ஆதார் முதலிய யூத மாதப் பெயர்களும் அந்நாட்டுச் சிறைவாழ்வில் பெற்றவையே.

இதுவரை வாசித்தவர்களுக்கு நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் நினைவுக்கு வந்திருக்கும். 2023ஆம் ஆண்டு ஆடியின் தொடக்கத்திலும் இறுதியிலுமாக இரு அமாவாசைகள் வந்து, முன்னோருக்குப் படையல் எந்நாளில் என்று வீடுதோறும் வினா எழுந்ததே, அதற்குக் காரணம் இதுதான். அதே ஆண்டு மார்ச், ஏப்ரலில் சீனர்களுக்கு இரண்டாம் மாதம் இரட்டித்தது. 2024 பிப்ரவரியில் யூதர்களுக்கு ஆதார் மாதம் இரட்டித்தது. ஒரே பதினொரு நாள் கடனை மூவரும் ஓராண்டு இடைவெளிக்குள் அடைத்தனர். இசுலாமிய நாள்காட்டி மட்டும் அக்கடனை அடைப்பதில்லை. அது பருவங்களையெல்லாம் சுற்றிவர ஏறத்தாழ 33 ஆண்டு ஆகும். 2005இல் நவம்பர் முதல் நாள் தீபாவளியும் மூன்றாம் நாள் நோன்புப் பெருநாளும் வந்து, 'தீபாராயா' என்று நாம் கொண்டாடியது அச்சுழற்சியின் பயனே. தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஈஸ்டரும் ஆண்டுதோறும் இடம் மாறுவது, அது பஸ்கா முழுநிலவைப் பின்தொடர்ந்து வந்த திருநாளாதலால்.

யூதர் தமிழுக்கு அயலார் அல்லர். சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த 'துகி' என்னும் மயிற்சொல் நம் 'தோகை'யே எனக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு முயிரிக்கோட்டில் அளித்த உரிமைச் செப்பேடு, நம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டில் ஒரு முகம் எபிரேய எழுத்தெண்களையும் மற்றொரு முகம் மலையாள எண்களையும் காட்டும். கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். கோயிலும் நாடும் இன்றிப் பன்னூறு ஆண்டுகள் அவர்கள் மூட்டை கட்டித் தூக்கிச் சென்றவற்றுள் இந்நாள்காட்டியும் ஒன்று.

அதன் ஆன்மிகப் பொருளை ஒரு பழங்கதை வழி உணரலாம். ஆதியில் ஞாயிறும் திங்களும் ஒத்த ஒளியுடன் படைக்கப்பட்டனவாம். இரு அரசர் ஒரு முடியைச் சூட முடியுமா என்று நிலவு கேட்க, அப்படியாயின் நீ சிறுத்துப் போ என்றானாம் இறைவன். நியாயம் கேட்டதற்கா தண்டனை என்று அது முறையிட, அதனைத் தேற்ற இயலாமல், நிலவைச் சிறுக்க வைத்த தன் செயலுக்காகவே மாதந்தோறும் ஒரு பலியைச் செலுத்தும்படி சொன்னானாம். கடவுளே கழுவாய் தேடும் கதை! சிறுத்துப் போனவர்களின் பக்கம் நின்று சொல்லப்பட்டது. அதனால்தான் தேய்ந்து வளரும் நிலவை அம்மக்கள் தம் அடையாளமாகக் கொண்டனர். புதுப்பிறை வளரும் நாள்களில் வெட்டவெளியில் நின்று அதனை வாழ்த்தும் சடங்கு இன்றும் உண்டு. பிறை பிறந்து மூன்று நாள் கழிந்தபின் வாழ்த்துவது சிலர் வழக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்றாம் பிறை பார்க்கச் சொல்வார்களே, அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்தின் தலைநாளில் பெண்கள் வேலையினின்று ஓய்வதும் அவர்களிடம் பழைய மரபு.

முழுநிலவுக்கு எளிய பயன் ஒன்றும் இருந்தது. பஸ்காவும் கூடாரப் பெருநாளும் பதினைந்தாம் நாளில் தொடங்குபவை. நெடுந்தொலைவு நடந்து வருவோர்க்கு வழியில் வெளிச்சம். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பகுதித் தோட்டங்களில் மின்விளக்கு வராத காலத்தில் தைப்பூசத்துக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் நடந்தவர்களுக்கும் அவ்வெளிச்சமே துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. கம்போங் குவாந்தானின் மின்மினிகளைக் காண்போர் நிலவில்லா நாளைத் தேடுவதும், சாசாரான் கடற்கரை மணல்திட்டு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வற்றும்போது வெளிப்படுவதும் நம் வட்டாரத்துத் திங்கள் கணக்கன்றி வேறென்ன?

பெற்றோர்க்கு ஒரு செய்தி. தமிழகத்தில் அச்சான நாள்காட்டியை அப்படியே நம்புதல் பொருந்தாது. 1982 சனவரி முதல் நாள் தொட்டு நம் கடிகாரம் இந்தியாவுக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கு விடியற்காலை 5 மணிக்கு முடியும் திதி, அங்குக் கதிரவன் எழுமுன் கழிந்துவிடும். இங்கோ அது 7.30வரை நீடிப்பதால், நம் கதிரவன் எழும்போதும் அதே திதி நிற்கும். நாள் மாறிப்போவது இவ்வாறே. ஐந்து மணிக் கணக்கைச் சுவரில் மாட்டிவிட்டு உள்ளூர்க் கோயில் அறிவிப்பைக் குறைகூறுவோர் இதனைக் கருதவேண்டும்.

தமிழ்ப் புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்னும் பூசலும் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் தைக்குச் சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. நம் தோட்டங்களிலோ இரு கட்சியாரும் ஒரே திருமண விருந்தில் முகம் திருப்பி அமர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மிஷ்னா யூதர்க்கு நான்கு புத்தாண்டுகள் கூறுகிறது: அரசர் ஆட்சியாண்டுக்கும் திருவிழா வரிசைக்கும் ஒன்று, கால்நடைக் காணிக்கைக்கு ஒன்று, ஆண்டெண்ணுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று. மரத்துக்கும் புத்தாண்டு! 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் நம் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில்தான் உள்ளது என்பதால், இச்செய்தி மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

ஆசிரிய நண்பர்கள் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். அமாவாசைக்கு மறுநாள் மாலை தொடங்கி 29 நாள், கண்ட நிலவைக் கண்டபடி ஏட்டில் வரையச் சொல்லுங்கள். மழைநாளில் கட்டத்தை வெறுமையாக விடட்டும். முதற்பிறையை யார் கண்டார், எப்பக்கம் சாய்ந்திருந்தது என்று இருவர் இருவராகக் கேளுங்கள். மேகம் மறைத்த மாலைகளில் வகுப்பு எந்நாளை முதல் நாளாக ஏற்கும் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.