துறைமுகம் வைத்த பெயரும் மூக்கு வைத்த பெயரும்

கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடை வைத்துப் பழம் விற்கும் ஓர் ஆயாவிடம் போன மாதம் மாட்டிக்கொண்டேன். கறுப்புத் திராட்சையைக் காட்டி 'இது பன்னீரா, ஆயா?' என்று கேட்டதுதான் தப்பு. 'இன்னா நைனா, பேரையா துன்னப்போறே? மோந்து பாரு. பேரு அதுலயே கீது' என்றார். மோந்து பார்த்தேன். இருந்தது. பெயர் பொருளில் இருக்கிறதா, பொருளை விற்பவர் வாயில் இருக்கிறதா என்று தத்துவம் படித்தவர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். ஆயாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாம் பன்னீர் திராட்சை என்பதைத் திராட்சைப் பட்டியல்கள் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று குறிக்கின்றன. கறுப்புப் பழம்தான், ஆனால் அதன் மணம் ஒரு வெள்ளைத் திராட்சையிலிருந்து வந்தது. 'மஸ்கட் ஆஃப் அலெக்ஸாந்திரியா' என்று பெயர். ஒயினாகவும் உலர்பழமாகவும் வெறும் பழமாகவும் மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் வழங்கும் பழைய ரகம். நம் பன்னீரின் பெற்றோரில் ஒன்று. நான் பேச விரும்புவது இந்த வெள்ளைத் திராட்சையின் பெயரைப் பற்றி. சொல்லப்போனால், பெயர் வைக்கும் அதிகாரத்தைப் பற்றி.

மஸ்கட் என்றதும் ராயபுரத்துக்காரனுக்கு வளைகுடா நினைவுதான் வரும். எங்கள் தெருவிலிருந்தே அந்த ஊருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. நானும் வெகுகாலம் அது ஓமானின் மஸ்கட் துறைமுகம் என்றே நம்பியிருந்தேன். ஆனால் சொற்பிறப்பியலாளர் பெரும்பாலோர் காட்டும் வழி வேறு: கஸ்தூரி. லத்தீனுக்குப் பாரசீக 'முஷ்க்' வழியாகப் போன சொல். அதற்கும் பின்னால் சமஸ்கிருத 'முஷ்க' இருக்கிறது. விதைப்பை என்று பொருள். மானின் மணப்பையைப் பார்த்து வைத்தது. ஆக, பெயரின் முதல் பாதியை மூக்கு வைத்தது. பின் பாதியை, அலெக்ஸாந்திரியாவை, துறைமுகம் வைத்தது. இந்த இரண்டு வகைப் பெயரிடலுக்கும் இடையிலுள்ள பகையைத்தான் கவனிக்க வேண்டும்.

அலெக்ஸாந்திரியாவில்தான் இந்தக் கொடி தோன்றியது என்பதற்குப் பெயரைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. கிளியோபாட்ரா குடித்தாள் என்ற கதை ஒயின் வியாபாரத்துக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. இந்த நூற்றாண்டில் மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதன் பெற்றோர் இரண்டைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, சிறுமணி வெள்ளை மஸ்கட். மற்றது கறுப்பு ரகம். சார்டீனியத் தீவில் அதற்கு 'அக்ஸினா தே த்ரெஸ் பியாஸ்' என்று பெயர். மூன்று தடவைத் திராட்சை என்று பொருள். அதாவது வெள்ளைக்குப் பின்னால் கறுப்பு, அந்த வெள்ளைக்கு முன்னால் மறுபடி கறுப்பு. கலப்பில்லாத மூலம் என்று எதையும் இங்கே தொட முடியவில்லை.

துறைக்குத் துறை இதன் பெயரும் மாறுகிறது. ஸ்பெயினில் மலகா துறையின் பெயர். பெருவில் 'இத்தாலியா'; அந்தப் பழத்தில் காய்ச்சும் சாராயம் 'பிஸ்கோ', அதுவும் ஒரு துறைமுகத்தின் பெயர்தான். சிசிலிக்குத் தெற்கே பான்டெல்லேரியா தீவில் மட்டும் 'சிபிப்போ'. அரபியில் உலர்திராட்சையைக் குறிக்கும் 'சபீப்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பழத்தை வெயிலில் காயவைத்தவர்கள் வாயில் தங்கிய பெயர். காற்றுக்குத் தப்பக் குழி தோண்டி அதற்குள் குத்துச்செடியாக அதை வளர்க்கும் அத்தீவினரின் முறையை 2014இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது.

துறைமுகம் ஏன் பெயர் வைக்கிறது? பொருள் அங்கேதான் விலையாகிறது. விளைந்த இடத்தில் அதற்குப் பல பெயர்கள் இருந்திருக்கும். கப்பலேறும்போது கணக்குப் புத்தகத்துக்கு ஒரே பெயர் போதும். இன்னொரு வெள்ளைத் திராட்சையான 'மால்வாசியா'வைப் பாருங்கள். கிரேக்கத்தின் மொனெம்வாசியா துறையிலிருந்து வந்த பெயர் என்பதே பெருவழக்கு. வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலும் பிற தீவுகளிலும் விளைந்த ஒயினையெல்லாம் அந்தப் பெயரில் விற்றார்கள். இன்று மால்வாசியா என்ற பெயரில் ஒன்றுக்கொன்று ரத்த உறவில்லாத ரகங்கள் பல இருக்கின்றன. பெயர் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது, மரபணு அப்படியொரு குடும்பமே இல்லை என்கிறது.

இந்த மால்வாசியா எங்கள் கரைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதேரா தீவில் நின்று ஒயின் ஏற்றிக்கொள்ளும். அத்தீவின் இனிப்பு ஒயினுக்கு மால்வாசியா, ஆங்கிலத்தில் 'மாம்சி'. கப்பலடியின் வெக்கையில் மாதக்கணக்கில் ஆடி வந்தால் ருசி கூடுகிறது என்று இந்தியா வரை போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மதிப்பு இருந்தது. ஜார்ஜ் கோட்டையின் மேசைகளுக்கு அது எப்படிப் போயிற்று? அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் போய், அலையை உடைத்துக்கொண்டு சரக்கைக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கடற்கரையின் படகோட்டிகள். ராயபுரத்தில் ராயப்பர் கோயிலை எழுப்பியவர்கள் அவர்கள். புனித பீட்டரைத் தமிழில் ராயப்பர் என்பதால் ஊரே ராயபுரம் ஆயிற்று என்றும் சொல்வார்கள். பீப்பாயின் மேல் தீவின் பெயர் இருந்தது. உள்ளே இருந்ததற்கு ஒரு துறையின் பெயர் இருந்தது. தூக்கிய தோளுக்குப் பெயர் இல்லை. என் தாத்தா கப்பல் சரக்கு இறக்கும் கூலியாக இருந்தவர். வேலைத்தலத்தில் அவர் பெயர் ஒரு பித்தளை வில்லையின் மேல் இருந்த எண்.

பெயர் போவது திராட்சைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உள்நாட்டுத் தறிகளில் நெய்து, வண்ணாரப்பேட்டையில் வெளுத்து, இங்கிருந்து கப்பலேறிய துணி உலகத்துக்கு 'மெட்ராஸ்' ஆயிற்று. 1996இல் நகரம் சென்னையான பிறகும் அந்தக் கட்டம்போட்ட துணி இன்னும் மெட்ராஸ்தான். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. அங்கிருந்து போன கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்றே பெயர். நெய்தவர் பெயர் எந்த மூட்டையின் மேலும் இல்லை.

பழவேற்காட்டைச் சொன்னதால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 1613இல் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி துணி மட்டும் ஏற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்ச காலங்களில், சோழமண்டலக் கரையில் மனிதர்களை மலிவாக வாங்கி அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு அனுப்பியது. இந்தக் கரையைச் சேர்ந்தவர்களில் சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் குடியேற்றத்திலும் போய் விழுந்தார்கள். அங்கே டச்சுக்காரர் 1655இல் திராட்சை நட்டு 1659இல் முதல் ஒயினைப் பிழிந்தார்கள். 1834இல் அடிமைமுறை ஒழியும் வரை கேப்பின் திராட்சைத் தோட்டங்கள் பெருமளவு அடிமைகளின் உழைப்பில் நடந்தவை. அங்கே வளர்ந்த ரகங்களில் ஒன்று நம் அலெக்ஸாந்திரியா மஸ்கட். அங்கே அதற்குப் பெயர் 'ஹானபூட்', அதாவது சேவற்கால்.

திராட்சைக்கு வாய்த்த புதுப்பெயரில் கொஞ்சம் வேடிக்கையாவது இருக்கிறது. மனிதர்களுக்கு வாய்த்ததைப் பாருங்கள். கேப் ஆவணங்களில் அடிமைகளுக்கு எஜமானர் வைத்த ஒரு பெயர், அதன்பின் 'வங்காளத்து', 'மலபாரின்', 'கோரமண்டலத்து' என்று ஓர் அடைமொழி. 'கரையைச் சேர்ந்த' என்றுகூட எழுதினார்கள். எந்தக் கரை என்று வாங்குபவனுக்குத் தெரியும். தாய் அழைத்த பெயர் அலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அலெக்ஸாந்திரியாவின் மஸ்கட், கோரமண்டலத்து இன்னார்: இரண்டு பெயர்களின் இலக்கணமும் ஒன்று. இரண்டும் சரக்குப் பட்டியலின் இலக்கணம்.

இனி ஹாம்பர்க். அதுவும் துறைமுகம்தான். வடக்கு இத்தாலியின் 'ஸ்கியாவா' என்ற கறுப்புத் திராட்சை ஹாம்பர்க் வழியாக இங்கிலாந்து போனதால் அங்கே 'கறுப்பு ஹாம்பர்க்' ஆயிற்று. ஸ்கியாவா என்றால் இத்தாலிய மொழியில் அடிமைப்பெண். கொடியைக் கம்பத்தில் கட்டி வளர்த்ததால் வந்த பெயர் என்று விளக்குவார்கள். சுமார் 1850இல், பெட்ஃபோர்ட்ஷரில் டி கிரே பிரபுவின் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவார்ட் ஸ்னோ இந்தக் கறுப்பையும் வெள்ளை அலெக்ஸாந்திரியாவையும் கலந்து ஒரு புது ரகம் எடுத்தார். கறுப்பு நிறம், வெள்ளையின் மணம். அதுவே மஸ்கட் ஹாம்பர்க். தோட்டக்காரரின் பெயரும் கொஞ்சகாலம் அதோடு ஒட்டியிருந்து பிறகு உதிர்ந்துபோயிற்று.

இங்கேதான் சிக்கல். 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. நல்ல விஷயம்தான். அப்போது பத்திரிகைகள் எல்லாவற்றிலும் ஒரே தோற்றக் கதை வந்தது: இந்தத் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1850 வாக்கில் பிறந்த ரகம் 1832இல் எப்படி வந்து இறங்கும்? பாதிரியார் வந்திருக்கலாம், அவர் கையில் ஒரு கொடியும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கொடி இதுவாக இருக்க முடியாது. மிஷேல் ஃபூக்கோ 1971இல் நீட்ஷேயை முன்வைத்து எழுதிய கட்டுரையின் சாரம் இங்கே பொருந்துகிறது. தோற்றத்தைத் தேடிப்போனால் தூய்மையான தொடக்கம் கிடைப்பதில்லை, கலப்பும் விபத்தும்தான் கிடைக்கும். ஆனாலும் தோற்றக் கதைக்கு ஒரு வெள்ளைக்காரர், ஒரு வருஷம், ஒரு கைப்பிடிக் கொடி தேவைப்படுகிறது. பந்தல் போட்டவர்களும் கவாத்து வெட்டியவர்களும் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை.

கம்பத்துக்காரர்கள் செய்தது சின்ன விஷயமல்ல. குளிர்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது ஐரோப்பாவில் இந்தக் கொடியின் இயல்பு. நம் வெப்பத்தில் அதற்கு உறக்கமே இல்லை. கவாத்து வெட்டும் நாளைக் கணக்கிட்டுத்தான் காய்க்க வைக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி வெட்டி, வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும்படி செய்துவிட்டார்கள். அலெக்ஸாந்திரியாவின் மூதாதைக்கு மூன்று தடவைத் திராட்சை என்று பெயர் வைத்த சார்டீனியக்காரர் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார். அந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை விளையும் ஊர்களில் ஒன்று ராயப்பன்பட்டி. ராயப்பர், ராயப்பன் என்று உடனே ராயபுரத்தோடு முடிச்சுப்போட எனக்கும் ஆசைதான். மால்வாசியா தந்த பாடம் தடுக்கிறது: பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சம் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் 'பன்னீர்' என்ற பெயர்? மஸ்கட் வகைகளின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால் முதலிய பொருள்கள். ஜெரானியாலும் நெராலும் ரோஜா எண்ணெயிலும் இருப்பவை. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கப்பட்ட யாரோ ஒருவர் இந்தப் பழத்தைக் கடித்துவிட்டு வைத்த பெயர், வேதியியல்படி பிசகில்லாமல் இருக்கிறது. அலெக்ஸாந்திரியாவோ ஹாம்பர்க்கோ அப்படி இல்லை. தமிழில் இது புதிதுமல்ல. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் யவனர் கொண்டுவந்த தேறலைச் சொல்கிறார். கொண்டுவந்தவரும் அதில் இருக்கிறார்கள், மணமும் இருக்கிறது, ஏற்றிய துறையின் பெயர் இல்லை.

ஆனால் இதை வைத்துத் தமிழ்ப் பெருமை பேசுவது இன்னொரு தோற்றப் புராணத்தில்தான் கொண்டுவிடும். மூக்கு வைத்த பெயரும் உழைத்தவரைச் சொல்வதில்லை. சரி, உழைப்பைச் சொல்லும் பெயர் இருந்தால் போதுமா? வண்ணாரப்பேட்டையில் உழைப்பு இருக்கிறது, அதோடு சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலையைச் சொல்லி மனிதரை அங்கேயே கட்டிப்போடும் பெயர், பித்தளை வில்லையைவிட எந்த வகையில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் வந்தது. அதன் பதிவகம் சென்னையில்தான், கிண்டியில் இருக்கிறது. விளைந்த இடத்துக்கே பெயரைத் திருப்பித் தருவது அதன் நோக்கம். அந்த வகையில் துறைமுகத்தின் இலக்கணத்தை அது தலைகீழாக்குகிறது எனலாம். ஆனால் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லை அந்தச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். விளைவிப்பவர், பதப்படுத்துபவர், பொட்டலம் கட்டுபவர், அதை வாங்கி விற்பவர் எல்லோரும் அதில் அடக்கம். கணக்குப் புத்தகக்காரன் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டான்.

அந்த வரையறையை நீட்டினால் கல்மண்டபத்து ஆயாவும் உற்பத்தியாளர்தான். மறுவாரம் அவரிடம் இதைச் சொன்னேன். 'அப்போ எம்பேரு அந்த நோட்ல கீதா?' என்று கேட்டார். இல்லை என்றேன். கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார். அவர் பெயர் என்ன என்று நானும் கேட்டிருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.