திண்ணையில் ஓதிய நெல்லிலக்கம்

தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் திண்ணைப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரு பெருமிதமாகவே பேசப்படுகிறது. சான்றுக்கு ஆளுநர் தாமஸ் மன்றோவின் கணக்கெடுப்பு இருக்கிறது. 1822இல் அவர் ஆணையிட்டார். 1826இல் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியதும் என் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் என்ன கற்றது, அது யார் வீட்டுப் பிள்ளை?

வாரம் என்று நாம் சொல்வது அங்கே பிறைக் கணக்கு. ஞாயிறு விடுமுறை பிற்காலத்தது. திண்ணைக்கு அமாவாசை, பௌர்ணமி, மறுநாள் பிரதமை, இடையில் அட்டமி விடுமுறை. மற்ற நாட்களில் விடியலிலேயே பாடம். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் பள்ளி நாட்களை ரசமாக எழுதியிருக்கிறார். முதலில் மணலில் விரல், பிறகு ஓலையில் எழுத்தாணி. உபாத்தியாயர் இல்லாதபோது சட்டாம்பிள்ளையின் ஆட்சி. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பூ, மிருகம், பறவை, ஊர் என்று ஒவ்வொரு பெயர் சொல்லி அனுப்புவார்கள். காலையில் மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும். அழகான பயிற்சி என்றே எனக்கும் தோன்றுகிறது. பிரம்பையும் அவர் மறைக்கவில்லை.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். ஔவை என்ற பெண்ணின் பெயரில் வழங்கும் சொற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் உரக்க ஓதினார்கள். அவர்களுடைய தங்கைகள் அதை நடைக்கு உள்ளிருந்து கேட்டிருப்பார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது எண்சுவடி. பேரெண், பெருக்கல் வாய்பாடு, பின்னங்கள் எல்லாம் அதில் உண்டு. முந்திரி என்றால் பருப்பு அல்ல, 320இல் ஒரு பங்கு. நெல்லிலக்கம் தனியே வரும்: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று கலம்வரை ஏறும். ஒரு வாரம் முழுக்க இதில் சில படிகளைக் குரலெடுத்து முறை சொல்லி மனத்தில் ஏற்றியிருப்பான் பையன். நிலமும் கணக்கும் உள்ள வீடுகளுக்கு இது வெறும் பாடமல்ல, தொழிற்பயிற்சி. வளர்ந்து களத்துமேட்டில் நின்று நெல் அளக்கப்போகிறவன் அவன். எதிரே முந்தானையை விரித்து நிற்பவள், நட்டு, களை பறித்து, அறுத்த பெண். அவளுடைய கூலி நெல்தான். குறுணியைத் தலைதட்டி அளந்தார்களா, கூம்பாக அளந்தார்களா என்பது அவளுடைய பிள்ளைகளின் இரவுச் சோறு. நெல்லிலக்கம் யாருக்கு மிகவும் தேவையோ அவளுடைய சேரிக்கு அந்தத் திண்ணை மூடியே இருந்தது. நெற்கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதில் போய் முட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

மேல்சாதிப் பெண்ணுக்கும் திண்ணை இல்லை. ஆனால் காரணம் வேறு. எழுத்து பெண்ணின் அடக்கத்துக்கு ஒவ்வாதது, ஆடல் மகளிருக்கே உரியது என்று கருதப்படுவதாக மன்றோவே குறித்திருக்கிறார். தேவதாசிப் பெண் படித்தாள் என்பதே மற்றப் பெண்களைப் படிக்கவிடாமல் தடுக்கும் வாதமாயிற்று. இருவரையும் ஒரே கயிற்றால் கட்டிய தந்திரம் இது.

அதே வாரத்தில் அதே வயதுச் சிறுமி என்ன கற்றாள் என்பதை எந்த அட்டவணையும் கேட்கவில்லை. வயல்வேலைக்குப் போகும் வீட்டில் தம்பியை இடுப்பில் சுமக்கவும், சாணி பொறுக்கவும், நாற்றுமுடிகளை எண்ணவும். பெரிய வீட்டில் பையன்கள் வந்து உட்காரும்முன் திண்ணையை மெழுகவும், புள்ளி பிசகாமல் கோலமிடவும். என் அம்மாவின் அம்மா கைநாட்டுதான். அரிசியைக் கையில் ஏந்தியே ஆழாக்குக்குக் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். கடைக்காரர் எழுதித் தரும் சீட்டை மட்டும் பத்து வயதுப் பேரனிடம் நீட்டிப் படிக்கச் சொல்வார். அவன் விளையாட்டுக்கு மாற்றிப் படித்தாலும் அதைத்தான் நம்பியாக வேண்டும்.